பிச்சாவரம் ‘கல்விப் படகுப் பயணம்’: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

விடுமுறை நெருங்கினால் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நோட்டீஸ் சுற்ற ஆரம்பித்துவிடும். சிதம்பரத்துக்குப் பக்கத்தில், அலையாத்திக் காடு நிறைந்த பிச்சாவரம் கழிமுகத்தில் ஒருநாள் கல்விப் பயணம், கடல் உயிரியல் ஆய்வாளர் கூடவே வருவார், வலை போட்டுத் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம், சேற்றில் நண்டு வளைகளைப் பார்க்கலாம், முகத்துவாரத் தீவில் இறங்கலாம் என்று வண்ணப் படங்களோடு இருக்கும். தலைக்கு 1,850 ரூபாய். தயவுசெய்து அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஏமாற்றியது அந்தப் பயணம்தான்.

நான் அறிவியல் ஆசிரியை. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேரின் பெற்றோர் தினக்கூலிக்குப் போகிறவர்கள். இந்தப் பணத்தை அவர்கள் இரண்டு மூன்று தவணையாகக் கட்டினார்கள். அதனால்தான் இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பஸ் தாமதமாக வந்தது, சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அதெல்லாம் போகட்டும். ஆய்வாளர் என்று வந்தவர் செல்போனில் எதையோ பார்த்துப் படிக்கிற ஓர் இளைஞர். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, அங்கே ஆராய்ச்சி செய்பவர் வருவார் என்றுதான் ஏற்பாட்டாளர் போனில் சொல்லியிருந்தார். நேரில் கேட்டபோது, “அவருக்கு இன்னிக்கு முடியல மேடம், இவரும் நல்லாச் சொல்வார்” என்றார். வலை இல்லை. மைக்ராஸ்கோப் பெட்டி வந்தது, உள்ளே பொருளை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடு (ஸ்லைடு) ஒன்றுகூட இல்லை. பிறகு எல்லோரையும் அரசுப் படகுத்துறைக்குக் கூட்டிப்போய், எந்தச் சுற்றுலாப் பயணியும் வரிசையில் நின்று வாங்குகிற அதே துடுப்புப் படகுச் சீட்டை வாங்கிக் கொடுத்தார்கள். கட்டணப் பலகை அங்கேயே தொங்குகிறது. அதையும் நாங்கள் கொடுத்த தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நண்டு வளைகளையும் பார்க்க முடியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஏறியிருந்தது. சேறும், காற்றை இழுக்க அதிலிருந்து மேலே நீட்டி நிற்கும் மூச்சு வேர்களும் தெரிய வேண்டுமென்றால் வற்றம், அதாவது கடல் தண்ணீர் இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். கழிமுகத்தைக் காட்டப் பணம் வாங்குகிறவர் ஏற்றவற்ற நேரத்தைக்கூடப் பார்த்து வைக்கவில்லை என்றால் வேறு எதைப் பார்த்திருப்பார்?

இதைவிட மோசமானது ஒன்று நடந்தது. சுரபுன்னை அங்கே வளரும் அலையாத்தி மரங்களில் ஒரு வகைதான். அந்த இளைஞர் எல்லா மரத்தையும் சுரபுன்னை என்றே சொல்லிக்கொண்டு வந்தார். கரையோரம் படகு ஒதுங்கியபோது ஒரு கிளையை ஒடித்து, “பாருங்க, பால் வருது” என்று முன்னால் இருந்த மாணவியிடம் நீட்டினார். படகுக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டுக் கத்தினார்: “பாப்பா, அதத் தொடாத! தில்லை மரம் அது. பாலு கண்ணுல பட்டா பார்வையே போயிரும்!” சிதம்பரம் கோயிலின் தலமரம் தில்லை. அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணைக் கெடுக்கும் என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிபுணர் என்று வந்தவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் நான் படகுக்காரரிடமே, “அண்ணே, நீங்களே பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க” என்றேன். அந்த நாளில் பிள்ளைகள் கற்றுக்கொண்டது எல்லாம் அவரிடம்தான். சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும், பிறகு சேற்றில் விழுந்து வேர்விடும் என்று காட்டினார். வெண்கண்டல் என்ற இன்னொரு மரத்தின் இலையைத் தடவச் சொன்னார். இலையில் உப்பு பூத்திருந்தது, மரம் தன் உடம்பில் சேரும் உப்பை அப்படித்தான் வெளியே தள்ளுகிறது. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே இந்தக் காடு இருப்பதால் மழைக்காலத்தில் தண்ணீரின் உப்பு குறையும், கோடையில் ஏறும், அதற்குத் தக்கபடி மீனும் இறாலும் மாறும் என்றார். இருளர்கள் தண்ணீரில் இறங்கி வெறுங்கையால் துழாவி இறால் பிடிப்பதைத் தூரத்தில் காட்டினார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அவருக்குத் தனியாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மனமில்லை ஏற்பாட்டாளருக்கு.

மதியத்துக்கு மேல் ‘தீவுப் பயணம்’ என்று வேறொரு கரைக்கு அழைத்துப் போனார்கள். மீன்பிடிக்கும் ஃபைபர் படகு ஒன்று நின்றது. எல்லாப் பிள்ளைகளையும் அதிலேயே ஏற்றி முகத்துவாரத்துக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. பிச்சாவரம் வனத்துறையின் பாதுகாப்பில் இருக்கும் காப்புக்காடு. வனத்துறை அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டேன், பதில் இல்லை. “இடுப்பளவு தண்ணிதான் மேடம், பயப்படாதீங்க” என்றார் ஏற்பாட்டாளர். ஆற்றுத் தண்ணீர் வெளியே இழுக்க, கடல் அலை உள்ளே தள்ள, மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும் இடம் முகத்துவாரம். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் மூழ்கினார்கள். அது ஏரி, கடல்கூட இல்லை. நான் ஒரு பிள்ளையையும் ஏற விடவில்லை. சிலர் அழுதார்கள், பரவாயில்லை.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டால் ரசீதைப் பார்க்கச் சொல்கிறார். பணம் கட்டிய பிறகு வந்த அந்த ரசீதில் ‘டூர் பேக்கேஜ்’ என்று மட்டும்தான் இருக்கிறது. ஆய்வாளர், நுண்ணோக்கி, தீவு எதுவும் அதில் இல்லை. ஆகவே எந்த ஏற்பாட்டாளராக இருந்தாலும், என்னென்ன தருகிறார் என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வரப்போகும் ஆய்வாளரிடம் நேரடியாகப் பேசுங்கள். எந்தப் படகு, எத்தனை பேர், தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் உண்டா, யார் அனுமதி என்று கேளுங்கள். வற்றம் எத்தனை மணிக்கு என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அதிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிச்சாவரம் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் இடையில் யாரும் தேவையில்லை. நேரே படகுத்துறைக்குப் போய்ச் சீட்டு வாங்கலாம், விவரம் தெரிந்த படகுக்காரரிடம் பேசி, அவர் சொல்லித்தருவதற்கும் சேர்த்துக் கொடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டோம். நோட்டீஸ், ரசீது, பேசிய செய்திகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே நோட்டீஸை நம்பிப் பணம் கட்டிய வேறு பள்ளிகள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேர்ந்தே மனு கொடுப்போம்.