தோலாவீராவுக்கு நாற்பது நிமிடம் போதாது

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருடம் கண்மாய், மடை, கலுங்கு என்று கரைமேலேயே நடந்து ஓய்வு பெற்றவன். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் என் கண் முதலில் தேடும். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் இருக்கும் சிந்துவெளி நாகரிகத்து ஊரான தோலாவீராவைப் பற்றி அந்தக் கண்ணோடு எழுதும் விமர்சனம் இது. நகை, சிலை, அரண்மனை என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இந்த இடம் வெறும் கல் குவியலாகத் தெரியலாம். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை.

போன ஜனவரியில் மகள் வீட்டுக்கு ஆமதாபாத் போயிருந்தோம். மருமகன் ஒரு டிராவல்ஸ் மூலமாக எங்கள் இருவருக்கும் மூன்று நாள் கட்ச் பயணம் பதிவு செய்து கொடுத்தார். கார், டிரைவர், தங்குமிடம் எல்லாம் சேர்த்து. காரில் ஏறிய பிறகுதான் அவர்கள் அனுப்பிய அட்டவணையை ஒழுங்காகப் படித்தேன். வெள்ளைப் பாலைவனத்துக்கு ஒரு மாலை முழுவதும். தோலாவீராவுக்கு நாற்பது நிமிடம். நாலாயிரத்து ஐந்நூறு வருடத்து ஊரை நாற்பது நிமிடத்தில் பார்த்துவிட்டு அன்றைக்கே பூஜ் திரும்ப வேண்டுமாம்.

வழியைக் குறை சொல்ல முடியாது. பூஜிலிருந்து முன்பெல்லாம் பச்சாவு, ராப்பர் என்று சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். இப்போது காவ்டா வழியாக ரண் என்னும் உப்புப் பாலைவனத்துக்குக் குறுக்கே நேராகச் சாலை போட்டுவிட்டார்கள். வளைவே இல்லாத சாலை, இரண்டு பக்கமும் கண் கூசும் வெள்ளை. சில இடத்தில் உப்பு, சில இடத்தில் தண்ணீர், எது எது என்று கிட்டே போனால்தான் தெரிகிறது. "தனுஷ்கோடி ரோடு மாதிரியே இருக்குங்க" என்றாள் மனைவி. கடல் மட்டும்தான் இல்லை. அந்த வெள்ளை முடிகிற இடத்தில் மேடாக எழும்புகிறது காதிர் பேட். பேட் என்றால் தீவு. அந்தத் தீவின் வடமேற்கு மூலையில்தான் தோலாவீரா.

சாயங்காலம் நாலரைக்குப் போய் இறங்கினோம். டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மூச்சு வாங்க மேட்டில் ஏறி, ஒரு வாசலைப் பார்த்து, நாலு போட்டோ எடுப்பதற்குள் கீழே ஹாரன் அடிக்கிறார். ஆனால் மேலே நின்ற அந்த ஐந்து நிமிடத்தில் கிழக்கே ஒரு பெரிய பள்ளத்தைப் பார்த்துவிட்டேன். செவ்வகமாக வெட்டிய கரை, படிக்கட்டு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது ஊருணி. அதை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? டிராவல்ஸ்காரரிடம் போனில் அரை மணி நேரம் சண்டை. கடைசியில் கூடுதல் வாடகையும் டிரைவர் பேட்டாவும் என் கையிலிருந்து கொடுத்து, இரவு அங்கேயே தங்கினோம். என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்: பதிவு செய்யும்போதே "தோலாவீராவில் ஒரு இரவு" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் போய்விட்டோம். குளிர்காலத்தில் காலைதான் சரியான நேரம். பதினொரு மணிக்கு மேல் கல் எல்லாம் சூடாகிவிடும், ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டோம். அவருடைய அப்பா அகழாய்வில் மண் சுமந்தவராம். அவர் இந்தி, நான் அரைகுறை இந்தி. ஆனால் தண்ணீர்ப் பேச்சுக்கு மொழி பெரிதாகத் தேவைப்படவில்லை. கையைச் சாய்த்துக் காட்டினால் அவருக்குப் புரிகிறது.

கொஞ்சம் பின்னணி. 1960களின் பிற்பகுதியில் ஜே.பி. ஜோஷி இந்த மேட்டைத் தொல்லியல் உலகுக்குத் தெரியப்படுத்தினார். 1990 வாக்கில் தொடங்கி 2005 வரை ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் தோண்டினார்கள். 2021 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, இந்தியாவின் நாற்பதாவது. கி.மு. 3000க்குப் பக்கத்தில் தொடங்கி ஏறத்தாழ 1500 வருடம் மக்கள் இருந்த ஊர். ஹரப்பா, மொகஞ்சதாரோ என்றால் செங்கல்தானே நினைவுக்கு வரும்? இங்கே கல். பக்கத்திலேயே வெட்டி எடுத்த சுண்ணாம்புக் கல். வரி வரியாக மஞ்சளும் சிவப்புமாக இருக்கிறது. வாசலில் தூணுக்கு அடியில் வைத்த உருண்டைக் கற்களைப் பாருங்கள், மெருகு இன்னும் போகவில்லை. இந்தக் கல் இங்கிருந்து ஹரப்பா வரை போயிருக்கிறது.

இனி நான் போன விஷயத்துக்கு வருகிறேன்.

ஊருக்கு வடக்கே மான்சர், தெற்கே மான்ஹர் என்று இரண்டு ஓடைகள். ஆறு என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் ஓடி, மற்ற மாதமெல்லாம் மணலாகக் கிடக்கும் காட்டோடைகள். நாங்கள் பார்த்தபோது இரண்டிலும் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. மழையோ எங்கள் ராமநாதபுரத்தில் பெய்வதில் பாதி இருந்தால் அதிகம். நிலத்தடி நீர் உப்பு. இந்த முதலீட்டை வைத்துக்கொண்டு ஒரு நகரம் நடத்தியிருக்கிறார்கள். ஓடைக்குக் குறுக்கே கல்லணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, மதிலை ஒட்டிச் சுற்றிலும் வரிசையாக ஊருணிகள் வெட்டி நிரப்பியிருக்கிறார்கள். மொத்தம் 16க்குக் குறையாது என்கிறது ஆய்வு.

இடத்தின் சாய்வுதான் எல்லாவற்றுக்கும் சூட்சுமம். வடகிழக்கு மூலைக்கும் தென்மேற்கு மூலைக்கும் 13 மீட்டர் இறக்கம். மேல் ஊருணி நிரம்பினால் அடுத்ததற்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. எங்கள் பக்கம் சங்கிலிக் கண்மாய் என்று சொல்வோமே, மேல்கண்மாய்க் கலுங்கில் வழிவது கீழ்கண்மாய்க்கு வரத்தாவது, அதே கணக்கு. இரண்டு ஊருணிக்கு நடுவில் விட்டிருக்கும் கரையும் சும்மா கரையாக இல்லை, அகலமாக விட்டு ஊருக்குள் போகும் பாதையாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் கரைமேல் ரோடு போடச் சொல்லி எத்தனை மனு பார்த்திருக்கிறேன்!

முந்தின நாள் மேலிருந்து பார்த்த கிழக்கு ஊருணிக்கு இறங்கினோம். 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், ஆழம் 10 மீட்டர். மொகஞ்சதாரோவில் பாடப்புத்தகம் எல்லாம் கொண்டாடும் பெருங்குளம் 12 மீட்டருக்கு 7 மீட்டர்தான், ஆழம் இரண்டரை மீட்டர்கூட இல்லை. படியில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். ஓரச் சரிவு, படி எல்லாம் கழித்தாலும் ஒன்றரைக் கோடி லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஆயிரத்து இருநூறு நடைக்கு மேல். இது ஒரே ஒரு ஊருணி. தென்புறம் போனால் பாறையையே செதுக்கி இறக்கியிருக்கிறார்கள். இரும்பு இல்லாத காலம், செம்பும் கல்லும்தான் கருவி. பாறையில் உளி விழுந்த இடத்தைத் தடவிப் பார்க்கக் கை பரபரத்தது. தொடவில்லை.

ஊரின் உயரமான பகுதியான மேல்கோட்டையில் இரண்டு விஷயத்தைத் தவறவிடாதீர்கள். ஒன்று, மழைநீர்க் கால்வாய்கள். மேலே பலகைக் கல் போட்டு மூடியவை. சில இடங்களில் ஆள் உள்ளே நடந்து போகலாம், அவ்வளவு உயரம். சாக்கடை என்று நினைத்தேன், இல்லை, மழைத் தண்ணீருக்கு மட்டும். மழையே இல்லாத ஊரில் இத்தனை பெரிய வடிகால் எதற்கு என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. வறண்ட ஊரில் மழை சொட்டுச் சொட்டாகப் பெய்யாது, வருடத்து மழை நாலைந்து நாளில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நேரத்தில் கால்வாய் சின்னதாக இருந்தால் பாதி தண்ணீர் வழிந்து வீணாகும். வாங்குகிற வாய் பெரிதாக இருக்க வேண்டும். இதை முடிவு செய்த ஆள் யாரோ, எனக்கு மேலதிகாரியாக வந்திருந்தால் சந்தோஷமாக வேலை பார்த்திருப்பேன்.

இன்னொன்று, கிணறு. நாலு மீட்டர் விட்டத்தில் கல் கட்டிய பெரிய கிணறு. பக்கத்தில் தண்ணீரை ஊற்றி விடத் தொட்டி, அதிலிருந்து கால்வாய். விளிம்பில் ஒரு பலகைக் கல் இருக்கிறது. அதில் கயிறு தேய்த்துத் தேய்த்து விழுந்த தடம். நான் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடத்தைக் கண்டுபிடித்தது மனைவிதான். எங்கள் ஊர்ப் பொதுக்கிணற்றில் உருளை கழன்று போனால் பெண்கள் கயிற்றைக் கல்லில் போட்டுத்தான் இழுப்பார்கள், அந்தக் கல்லிலும் இதே மாதிரி தடம் உண்டு. கல்யாணமான புதிதில் அங்கே இறைத்தவள் அவள். கல்லைத் தொடாமல், தடத்துக்கு மேலாகக் காற்றில் விரலை ஓட்டிப் பார்த்தாள். "எத்தனை குடம் இறைச்சிருந்தா இப்படித் தேயும்?" என்றாள். என்னிடம் கணக்கு இல்லை.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற பெயர்ப் பலகை. வடக்கு வாசல் பக்கத்து அறையில் கிடைத்தது. மரப் பலகையில் ஜிப்சம் துண்டுகளைப் பதித்து எழுதிய பத்து எழுத்துகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 37 செ.மீ. உயரம். மரம் மக்கிப் போய்விட்டது, எழுத்து மட்டும் வரிசை கலையாமல் கிடந்திருக்கிறது. பத்தில் நாலு ஒரே எழுத்து, ஆரம் வைத்த சக்கரம். தமிழ்நாடு என்று தெரிந்ததும் வழிகாட்டி சிரித்தார். உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் இந்த இடத்தில் வந்து நின்று ஒரே கேள்விதான் கேட்கிறார்கள் என்றார். என்ன கேள்வி என்று உங்களுக்கே தெரியும்: இது தமிழா? கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977இல் சிந்துவெளி எழுத்துகளுக்கெல்லாம் தொகுதி போட்டுக் கொடுத்தும், யாவரும் ஒப்புக்கொள்ளும்படி இன்னும் எவரும் படித்தபாடில்லை. நானும் கேட்காமல் விடவில்லை.

மேல்கோட்டைக்குக் கீழே இருக்கும் நடுவூர், கீழூர் தெருக்களை வேகமாகப் பார்த்தோம். ஒழுங்கான தெருக்கள், வீட்டு அடித்தளங்கள், நீளமான ஒரு விழாத் திடல். மேற்கே இடுகாடு இருக்கிறது. அங்குள்ள பல ஈமச் சின்னங்களில் எலும்பே கிடைக்கவில்லையாம், நினைவுக்காகக் கட்டியவை. முழங்கால் ஒத்துழைக்காததால் நான் போகவில்லை. படிகள் மேடு பள்ளம். வயதானவர்கள் கைத்தடி கொண்டுபோங்கள். வாசலில் ஒரு சின்ன அருங்காட்சியகம்: மணிகள், சங்கு வளையல், எடைக்கற்கள், பானைகள். இருபது நிமிடம் போதும், ஆனால் மேட்டுக்குப் போகும் முன் பார்ப்பது நல்லது. தொல்லியல் துறை அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை, நாள் பார்த்துக் கிளம்புங்கள்.

தங்கியது வட்டமான குடிசை ஒன்றில். 'புங்கா' என்பார்கள், கட்ச் கிராமங்களின் பழைய வீட்டு வடிவம். நகரம் அழிந்த பிறகு கடைசியாக இந்த மேட்டில் குடியேறியவர்கள் கட்டியதும் வட்ட வீடுகள்தான், அவற்றின் அடித்தளம் மேலே இருக்கிறது. பெரிய ஊருணி வெட்டியவர்களின் வீடு சதுரம், எல்லாம் போன பிறகு வந்தவர்களின் வீடு வட்டம். இதை வழிகாட்டி சொன்னபோது, ராத்திரி நாங்கள் படுத்திருந்த குடிசையின் சுவர் நினைவுக்கு வந்தது.

சாப்பாடு எளிமை, குறை இல்லை. சூடான கம்பு ரொட்டி, வெண்ணெய், வெல்லம், ஒரு கத்தரிக்காய்ப் பதார்த்தம், சொம்பு நிறைய மோர். கம்பு நமக்குப் புதிதில்லை என்பதால் வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணை நிழலுக்காகக் கழிக்கிறேன். தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் தங்கிய இடத்துக் குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தது. மனைவி ஊரிலிருந்து காபித்தூள் கொண்டுவந்திருந்தாள். முதல் நாள் அந்தத் தண்ணீரிலேயே போட்டாள். வாயில் வைக்க முடியவில்லை, டிரைவர் மட்டும் மரியாதைக்குக் குடித்தார். மறுநாள் கடையில் கேன் தண்ணீர் வாங்கிப் போட்டாள், அவர் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். அன்றைக்குக் காலை முழுக்க அவர் ஹாரனே அடிக்கவில்லை.