நிலத்தடியில் எண்ணெய்: முதலில் ஜியாலஜிஸ்டா, லேண்ட்மேனா?

டெக்சாஸில் குடும்ப நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் பலரும் தேடுவது பெட்ரோலிய ஜியாலஜிஸ்டை, அதாவது எண்ணெய் தேடும் நிலவியலாளரை. அதற்கு முன் ஒரு லேண்ட்மேனை, அதாவது நில, கனிம உரிமைப் பத்திரங்களை ஆராய்பவரைப் பார்ப்பதே மேல் என்பேன்.

அங்கே மேல்மண் ஒருவருக்கும், அடியிலுள்ள எண்ணெய் உள்ளிட்ட கனிமங்களின் உரிமை இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். தாத்தா நிலம் வாங்கியபோது, விற்றவர் பத்திரத்தில் ஒரே வரி எழுதிக் கனிமத்தைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டிருப்பார். பிறகு அது அவருடைய வாரிசுகளிடையே பதினாறில் ஒன்று, அறுபத்து நாலில் ஒன்று என்று சிதறிப்போயிருக்கும். கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) கிளர்க் அலுவலகப் பத்திரங்களைப் புரட்டி, நம்மூரில் வில்லங்கம் பார்ப்பதுபோல, யாருக்கு எவ்வளவு என்று சொல்பவர் லேண்ட்மேன். ஆனால் குத்தகைத் தாளோடு வாசலுக்கு வரும் லேண்ட்மேன் எண்ணெய்க் கம்பெனியின் ஆள். உங்களுக்கென்று ஒருவரை நீங்களே காசு கொடுத்து அமர்த்துங்கள்.

ஜியாலஜிஸ்ட் பார்ப்பது பாறையை: அக்கம்பக்க எண்ணெய்க் கிணறுகளின் லாக் (துளைக்குள் எடுத்த பாறை அளவீடுகளின் பதிவு), அடுக்குகளின் சாய்வு, எண்ணெய் கிடைக்காமல் மூடிய துளைகள். அந்தக் கிணறுகள் எங்கே என்பதை எண்ணெய்க் கிணறுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷனின் இணைய வரைபடத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம் (ரயிலுக்கும் அதற்கும் இப்போது தொடர்பில்லை). எவ்வளவு தேர்ந்தவர் சொன்னாலும் அது கணிப்புதான், துளையிட்டால்தான் உறுதி. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குபவரை நம்பலாம். கனிமத்தில் பங்கு கேட்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.