லேசர் மீட்டர்: அந்த 11 சென்டிமீட்டர்

டேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு லேசர் மீட்டர் (எதிரே லேசர் புள்ளியை அடித்துத் தூரத்தை அளக்கும் கைக்கருவி) வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்காக இது. எட்டும் தூரம், துல்லியமெல்லாம் பெட்டி மேலேயே போட்டிருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டாம், கூரை உயரத்துக்கு ஏணி வேண்டாம். அறைக்கு நாலு சுவர், இரண்டு மூலைவிட்டம், ஓர் உயரம் என ஏழு அளவும் புளூடூத்தில் போனுக்குப் போய்விடும். பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் கணக்குக்கு இது தாராளம்.

எரிச்சல் ஒன்றுதான்: அளவு எங்கிருந்து தொடங்குகிறது? வழக்கமாகக் கருவியின் பின்விளிம்பிலிருந்து. முன்விளிம்புக்கோ ட்ரைபாட் திருகுக்கோ மாற்றிக்கொள்ளலாம். ஆனால் என்னிடம் உள்ள கருவி ஒருமுறை அணைந்தால் பழையபடி பின்விளிம்புக்கே போய்விடுகிறது. மூன்று நிமிடம் சும்மா வைத்தால் தானாகவே அணைகிறது! முன்விளிம்பில் பாதி அளந்து, நடுவில் மேஸ்திரியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தால், அடுத்த அளவில் கருவியின் நீளம் 11 செ.மீ. கூடுதலாக ஏறியிருக்கும். 2 மி.மீ. பிசகைப் பூச்சில் மறைத்துவிடலாம். 11 செ.மீ. கூடுதலாகச் செய்த கிரில் ஜன்னலுக்குள் நுழையவே நுழையாது. போனுக்குப் போகும் எண்ணில் எந்த விளிம்பு என்ற குறிப்பும் கிடையாது. நோட்டில் எழுதினால் ஓரத்தில் 'மு' என்று ஓர் எழுத்தாவது கிடக்கும்.

ஆகவே பின்விளிம்பை மாற்றவே மாற்றாதீர்கள். வேலை தொடங்குமுன் டேப்பில் 2 மீட்டர் குறித்து ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.

கை சாய்வதும் அளவைக் கெடுக்கும். 5 மீட்டரில் லேசர் புள்ளி 20 செ.மீ. விலகினால் 4 மி.மீ. கூடும். எதிர்ச்சுவருக்குச் சாய்வு எப்போதும் கூட்டித்தான் காட்டும், குறைக்காது. அதனால் நிற்காமல் அளந்துகொண்டே இருக்கும் 'தொடர் அளவு' முறையில் வைத்து லேசாக ஆட்டி, வருவதில் மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். மூலைக்கு மூலை அளக்கும்போது மட்டும் மிக அதிகமான எண். வெயிலில் புள்ளி கண்ணுக்கே தெரியாது, வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்த வேண்டும். சாய்வையும் அடியையும் அளந்து உயரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் பித்தாகரஸ் முறை ஒன்றை மட்டும் நம்பவே நம்பாதீர்கள்: சாய்வு 10 மீ., அடி 9.8 மீ. என்றால் உயரம் 1.99 மீ. சாய்வில் 2 மி.மீ. தவறினால் உயரத்தில் 1 செ.மீ. போய்விடும்.

உள்வேலை அளவுகள் நிறைய என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். என்னுடையதே வேண்டுமென்றாலும் சரி, இன்றைக்கே வந்து எடுத்துப் போங்கள்.