இண்டிகேட்டருக்குப் புது ஒயரிங்: அசல் நிற ஹார்னஸா, பொது ஹார்னஸா?

1960களில் வெளிவந்த பிரிட்டிஷ் கார் ஒன்றின் இண்டிகேட்டர் ஒயரிங்கை முழுவதுமாக மாற்ற வேண்டிய நிலை எனக்கு வந்தபோது, இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அந்தக் காருக்கென்றே பழைய நிறங்களிலும் பழைய நீளங்களிலும் புதிதாகச் செய்து விற்கப்படும் ஹார்னஸ், அதாவது காரின் ஒயர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. மற்றொன்று, எந்தக் காருக்கும் பொருத்திக்கொள்ளலாம் என்று புதிய வகை ஃபியூஸ் பெட்டியோடு வரும் பொது ஹார்னஸ். பழைய ஒயரையே ஒட்டுப்போட்டு ஓட்டுவது என்ற மூன்றாவது வழியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஒயரை விரலால் மெல்ல வளைத்தபோதே அதன் மேலுறை பொருக்காக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது; இணைப்புக் குழலைப் பிரித்தால் உள்ளே செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அந்த நிலைக்கு வந்த ஒயரில் எத்தனை ஒட்டுப் போட்டாலும் அடுத்த பழுது ஒட்டுக்குப் பக்கத்திலேயே வரும்.

நான் அசல் நிற ஹார்னஸைத் தேர்ந்தெடுத்தேன். அதைப் பொருத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பொது ஹார்னஸை என் காரில் நான் பயன்படுத்தியதில்லை. நண்பர் ஒருவரின் காரில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த ஒன்றில் பழுது தேடிய அனுபவம் மட்டுமே உண்டு. ஆகவே இந்த ஒப்பீடு சரிசமமான அனுபவத்தில் எழுதப்பட்டதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். அசல் நிற ஹார்னஸ் விலை கூடுதல், சில கார்களுக்குக் கிடைப்பதே இல்லை. பொது ஹார்னஸ் எளிதில் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு ஒயரையும் நாமே அளந்து வெட்டி முனை கட்ட வேண்டும். காரை விற்கும்போது பழைய தோற்றத்துக்கு மதிப்பு உண்டு. இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்விதான்: இன்னும் சில ஆண்டுகள் கழித்து ஒரு விளக்கு எரியாமல் போனால், அந்தப் பழுதை எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்க முடியும்?

பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்துதந்த லூகாஸ் நிறுவனத்தின் நிறமுறையைப் பின்பற்றிய கார்களில் இண்டிகேட்டர் சுற்று முழுவதையும் நிறத்தைக் கொண்டே படித்துவிடலாம். இக்னிஷன் சாவியைத் திருப்பிய பிறகு ஃபியூஸ் வழியாக வரும் மின்சாரம் பச்சை ஒயரில் ஃப்ளாஷருக்கு, அதாவது விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் கருவிக்கு, செல்கிறது. ஃப்ளாஷரிலிருந்து ஸ்டீயரிங் ஸ்விட்சுக்குப் போவது பழுப்புக் கோடிட்ட இளம்பச்சை. டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்குக்குப் போவது ஊதாக் கோடிட்ட இளம்பச்சை. ஸ்விட்சைத் தாண்டியதும் இடப்பக்க விளக்குகளுக்குச் சிவப்புக் கோடிட்ட பச்சையும், வலப்பக்க விளக்குகளுக்கு வெள்ளைக் கோடிட்ட பச்சையும் செல்கின்றன. எர்த், அதாவது கார் உடல் வழியாகப் பேட்டரியோடு சுற்றை முழுமையாக்கும் இணைப்பு, எப்போதும் கறுப்பு. பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள வரைபடமும் இதே நிறங்களைத்தான் சொல்கிறது என்பதால், காரையும் வரைபடத்தையும் அருகருகே வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தக் காரை இதற்கு முன் தொட்டிராத ஒருவரும் அப்படியே படிக்க முடியும்.

பொருத்தி இரண்டாம் ஆண்டில் என் காரின் இடது பின் இண்டிகேட்டர் திடீரென்று நின்றது. டிக்கியின் விரிப்பைத் தூக்கி, சிவப்புக் கோடிட்ட பச்சை ஒயர் எந்த இணைப்புக் குழலுக்குள் நுழைகிறது என்று பார்த்தேன். குழலின் முன்பக்கம் டெஸ்ட் லேம்ப் விட்டுவிட்டு எரிந்தது, பின்பக்கம் எரியவில்லை. முனை முழுவதுமாக உள்ளே அழுத்தப்படாமல் நின்றிருந்தது. அது நான் பொருத்தும்போது செய்த பிழை. இடுக்கியால் அழுத்தியதும் வேலை முடிந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

நண்பரின் காரில் நடந்தது இதற்கு நேர் எதிர். பொது ஹார்னஸ்களில் பெரும்பாலானவை ஜெனரல் மோட்டார்ஸ் நிறமுறையைப் பின்பற்றுபவை: இடது முன் விளக்குக்கு வெளிர் நீலம், வலது முன் விளக்குக்கு அடர் நீலம், இடது பின்னுக்கு மஞ்சள், வலது பின்னுக்கு அடர் பச்சை. ஒயரின் மேலேயே எந்த விளக்குக்கு உரியது என்று அச்சிட்டும் தருகிறார்கள். பொருத்தும் நாளில் இது மிகப் பெரிய உதவி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றிய பிறகு அந்த எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைவிட முக்கியம், நீளம் போதாத இடத்தில் பொருத்துபவர் கையில் இருந்த வேறு நிற ஒயரைச் சேர்த்து நீட்டிவிடுகிறார். நண்பரின் காரில் வலது முன் விளக்குக்கான அடர் நீல ஒயர், ஃபயர்வாலை (இன்ஜின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தடுப்பு) தாண்டியதும் சிவப்பாகி, ரேடியேட்டருக்கு அருகில் மறுபடி நிறம் மாறி வெள்ளையாகியிருந்தது. கையேட்டின் வரைபடத்தில் இந்த மூன்று நிறங்களில் ஒன்றுகூட அந்த இடத்தில் இல்லை. மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுவதும் ஒவ்வொரு ஒயரும் அறுபடாமல் செல்கிறதா என்று தொடர்ச்சி பார்த்த பிறகுதான், கிரில்லுக்குப் பின்னால் முறுக்கி டேப் மட்டும் சுற்றியிருந்த ஓர் இணைப்பு கண்ணில் பட்டது. ஹார்னஸைச் செய்தவர் மீது இதில் குற்றமில்லை. ஆனால் பொருத்துபவரின் கைப்பழக்கத்துக்கு இவ்வளவு இடம் விடுகிற பொருள், பிற்காலப் பராமரிப்பில் அந்தக் கைப்பழக்கத்தின் தரத்தில்தான் நிற்கும்.

பொது ஹார்னஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல அமெரிக்கக் கார்களில் பின்பக்கம் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்பு இழைதான் எரியும். அதனால் பிரேக் ஸ்விட்சிலிருந்து வரும் வெள்ளை ஒயர் ஸ்டீயரிங் ஸ்விட்சுக்குள் நுழைந்து வெளியே வரும். பின்னால் தனியாக ஆரஞ்சு இண்டிகேட்டர் உள்ள காரில் அதே முறையில் இணைத்தால், பிரேக்கை மிதிக்கும்போது ஆரஞ்சு விளக்கு எரியும். அத்தகைய காரில் பிரேக் ஒயரை ஸ்விட்சுக்குக் கொண்டுபோகாமல் நேரே பிரேக் விளக்குக்கு இழுக்க வேண்டும்.

பொது ஹார்னஸுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பாராட்டு ஃபியூஸ் விஷயத்தில்தான். அந்தக் காலத்துப் பல பிரிட்டிஷ் கார்களில் இருப்பது இரண்டே 35 ஆம்பியர் ஃபியூஸ்கள். வைப்பர், பெட்ரோல் அளவுமானி, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாமே ஒரே பச்சைச் சுற்றில் தொங்குகின்றன. மழையில் வைப்பர் மோட்டார் ஷார்ட் ஆனால் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் சேர்ந்து போய்விடும். பொது ஹார்னஸில் இண்டிகேட்டருக்குத் தனி ஃபியூஸ் இருக்கிறது. அசல் நிற ஹார்னஸ் இந்தக் குறையையும் அசலாகவே திரும்பக் கொண்டுவருகிறது. நான் செய்த தீர்வு, ஃப்ளாஷருக்குப் போகும் பச்சை ஒயரின் நடுவே 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை உறையோடு சேர்த்ததுதான். 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு இரண்டு சேர்ந்து எரிந்தால் 3.5 ஆம்பியர்தான் ஓடும் என்பதால் அது தாராளமாகப் போதும். என் ஹார்னஸில் விளக்குகளுக்குப் போகும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கும் அந்த அளவு ஃபியூஸ், 35 ஆம்பியரைவிட எவ்வளவோ பொருத்தமான காவல்.

ஃப்ளாஷரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஃப்ளாஷர் சூடேறி விரியும் உலோகத்தால் இயங்குவது; சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தே அதன் துடிப்பு அமைகிறது. ஒரு பல்பு போனாலோ, ஓர் இணைப்பு களிம்பேறினாலோ துடிப்பின் வேகம் மாறி ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். பொது ஹார்னஸோடு பலரும் பொருத்தும் எலக்ட்ரானிக் ஃப்ளாஷர், எல்இடி விளக்குகளுக்கும் ஒத்துவரும் வகையாக இருந்தால், சுமை எவ்வளவு குறைந்தாலும் ஒரே சீராகத் துடிக்கும். அது வசதிதான். ஆனாலும் கெட்டுக்கொண்டிருக்கும் இணைப்பை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஒன்றை இழக்க எனக்கு மனமில்லை. மேலும், ப்ளஸ் எர்த் முறையில் (பேட்டரியின் ப்ளஸ் முனை கார் உடலோடு இணைந்திருப்பது) உள்ள பழைய பிரிட்டிஷ் காரில் மைனஸ் எர்த்துக்காகச் செய்த எலக்ட்ரானிக் ஃப்ளாஷரையோ எல்இடியையோ அப்படியே மாட்டக் கூடாது. சூட்டில் இயங்கும் ஃப்ளாஷருக்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை.

எந்த ஹார்னஸைப் பொருத்தினாலும் எர்த்தைக் கவனிக்காவிட்டால் பயனில்லை. பழைய கார்களில் பல விளக்குகள் தம்மைப் பிடித்திருக்கும் திருகின் வழியாக உடல் தகட்டில்தான் எர்த் பெறுகின்றன. துருவோ புதுப் பெயின்ட்டோ இடையில் வந்தால் மின்சாரம் பக்கத்து விளக்கின் இழை வழியாக வழி தேடும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லேம்ப் மங்கலாகத் துடிப்பது இதனால்தான். விளக்கு எரியும்போது ஹோல்டரின் உலோகத்துக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும். பல்புக்குக் கிடைக்கும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும், பகல் வெயிலில் பின்னால் வருபவருக்கு அது தெரியாமலே போகலாம். நான் நான்கு விளக்குகளுக்கும் ஹோல்டரிலிருந்தே தனிக் கறுப்பு ஒயர் இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் பல் வாஷர் வைத்து முறுக்கியிருக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், பொது ஹார்னஸே சரியான தேர்வாகிற கார்களும் உண்டு. இன்ஜினும் ஆல்டர்னேட்டரும் டேஷ்போர்டும் மாற்றப்பட்ட காரில் அசல் வரைபடமே பொருளற்றதாகிவிடுகிறது. அங்கே அசல் நிறம் படிப்பவரைத் தவறான வழியில்தான் அனுப்பும். அத்தகைய காருக்குப் பொது ஹார்னஸைப் பொருத்துபவர், நீட்டிக்கும் ஒயரையும் அதே நிறத்தில் வாங்கி, தான் இணைத்த விதத்தைக் காகிதத்தில் வரைந்து வைத்தால் நான் சொன்ன குறையில் பெரும்பகுதி நீங்கிவிடும். 6 வோல்ட் கார்களில் நான் வேலை செய்ததில்லை. அங்கே அதே 21 வாட்டுக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் ஓடும் என்பதால், ஒயரின் பருமனைத் தனியாகக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

என் காரின் கையேட்டு வரைபடத்தைப் பிரதி எடுத்து, நான் சேர்த்த ஃபியூஸையும் நான்கு கறுப்பு ஒயர்களையும் சிவப்பு மையில் குறித்து, கிளவ் பாக்ஸ் மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.