பால்வாடியா, பிளே ஸ்கூலா? இரண்டிலும் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்

சித்தி மகள் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு முடித்தவள், வயது 27, மகன் இப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். "அக்கா, பிளே ஸ்கூல்ல ஆயா வேலைக்குக் கூப்பிடறாங்க. பால்வாடிக்கு எப்போ ஆள் எடுப்பாங்கன்னே தெரியல. எதுல சேரட்டும்?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு தனியார் பிளே ஸ்கூலில் நான்கு வருடம் ஆயாவாக இருந்தேன். 2017இலிருந்து அங்கன்வாடியில், அதாவது பால்வாடியில், உதவியாளர். என் சாய்வு அங்கன்வாடி பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழந்தைகளோடு இருக்கிற வேலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கழுவிவிடுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது, அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பது. பால்வாடியில் சமையலும் நம் பொறுப்பு, அது கூடுதல் பாரம். பிளே ஸ்கூலில் அடுப்பு கிடையாது. ஆனால் நாள் முழுக்க டைல்ஸ் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கையில் வாங்கும் பணத்தை மட்டும் பார்த்தால் தொடக்கத்தில் தனியார்தான் மேல். நான் விடும்போது மாதம் 6,500 ரூபாய் வாங்கினேன். அங்கன்வாடி உதவியாளருக்கு 2025 அறிவிப்பின்படி முதல் 12 மாதம் தொகுப்பூதியம் 4,100 ரூபாய். அதன் பிறகு 4,100–12,500 என்ற சிறப்புக் காலமுறை ஊதியம். அகவிலைப்படியும் வருடாந்திர இன்க்ரிமென்ட்டும் அதில் சேரும். அந்த முதல் வருடம் கஷ்டம்தான். நான் சேர்ந்த புதிதில் நகைக்கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் அண்ணனிடம் கை நீட்டினேன்.

சரி, அப்புறம் ஏன் பால்வாடி என்கிறேன்? ஒரே காரணம், சர்வீஸ். நாம் உழைத்த வருடங்களை யாராவது எண்ணி வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

பிளே ஸ்கூலில் என் நான்கு வருடங்களுக்கு ஒரு தாள்கூட இல்லை. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்த இடம் என்பதால் இ.எஸ்.ஐ., பி.எஃப். எதுவும் கிடையாது. மே மாதம் சம்பளம் இல்லை. ஜூனில் "வாங்க" என்று கூப்பிட்டால்தான் வேலை. என்னோடு இருந்த ஒரு அக்கா நான் வந்த பிறகும் அங்கேயே இருந்தார். 2020 ஊரடங்கில் பள்ளியை மூடினார்கள், அவருக்கு வருமானமே நின்றுபோனது. மீண்டும் திறந்தபோது அவரைப் புது ஆளாக, தொடக்கச் சம்பளத்தில் எடுத்தார்கள். ஒன்பது வருட அனுபவம் அப்படியே கரைந்துபோனது. அதே ஊரடங்கில் எங்கள் மையத்துக்கும் பிள்ளைகள் வரவில்லை. ஆனால் சத்துமாவும் உலர் பொருட்களும் வீடு வீடாகப் போயின, எங்களுக்கு ஊதியமும் வந்தது, சர்வீஸும் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த சர்வீஸ்தான் மேலே ஏறுகிற படி. மத்திய அரசின் 2022 வழிகாட்டு நெறிமுறைகள், பணியாளர் (மையத்தை நடத்தும் டீச்சர்) இடங்களில் பாதியை ஐந்து வருட அனுபவமும் உரிய தகுதியும் உள்ள உதவியாளர்களைக் கொண்டு நிரப்பச் சொல்கின்றன. பணியாளரிலிருந்து மேற்பார்வையாளர் ஆவதற்கும் அதே போல ஒரு வழி இருக்கிறது. 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கு ஒன்றில், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972 பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் வேலையை வெறும் சேவை என்று ஒதுக்கிவைத்த காலம் போய், வருடங்களுக்கு மதிப்பு உண்டு என்று நீதிமன்றமே சொன்ன நாள் அது. அன்று மையத்தில் டீச்சரும் நானும் செய்தியை இரண்டு முறை படித்தோம்.

ஆனால் படி இருக்கிறது என்பதும் ஏறியாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. நான் ப்ளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதித் தேறி, பதவி உயர்வுக்காகக் காத்திருக்கிறேன். இன்னும் உதவியாளர்தான். மேற்பார்வையாளர் ஆனவர்களைக் கூட்டங்களில் பார்த்ததோடு சரி.

கற்றுக்கொள்வதும் இங்கேதான் அதிகம் என்பேன். எடை பார்க்கும் நாளில் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தொங்கு தராசில் உட்கார வைத்ததுமே வீறிட்டு அழும். பயந்து கையால் தாங்கிப் பிடித்தால் எடை தவறாகக் காட்டும். முகத்துக்கு நேராகக் கை தட்டிக்கொண்டே மெல்ல விலக வேண்டும், முள் நிற்கிற அந்த ஒரு நொடியில் டீச்சர் படித்துவிட வேண்டும். போன மாதத்தைவிட 300 கிராம் குறைந்திருந்தால் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போகிறோம். பிளே ஸ்கூலில் எந்தப் பிள்ளை மெலிகிறது என்று பார்க்கச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

தனியார் பக்கம் சொல்ல வேண்டியதும் உண்டு. ப்ளஸ் டூ முடித்து, மான்டிசோரி டிப்ளமோ படிக்கப் பணமும் நேரமும் இருக்கிறவர்களுக்கு அங்கே ஆசிரியராகும் வழி இதைவிட வேகமானது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்றது. அதனால் சென்னை, கோவையின் பெரிய அலுவலகங்களையொட்டிக் காப்பகங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் இ.எஸ்.ஐ., பி.எஃப். இருந்தால் என் வாதம் பாதி பலவீனமாகிவிடும். நாத்தனார் மகள் ஒருத்தி அப்படி ஓர் இடத்தில் நிம்மதியாக இருக்கிறாள். ஆனால் அவள் ஒருத்தியை வைத்து எல்லோருக்கும் பொதுவாக நான் சொல்ல மாட்டேன்.

அங்கன்வாடியில் பெரிய சிக்கல், நாம் நினைத்த நேரத்தில் சேர முடியாது. 2025 ஏப்ரலில் 7,783 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 20 முதல் 40 வரை, விதவையருக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் 45 வரை. உள்ளூரிலோ பக்கத்து ஊரிலோ இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். அறிவிப்பு வரும் வரை வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவும் முடியாதல்லவா?

அதனால் சித்தி மகளிடம் இப்போதைக்குப் பிளே ஸ்கூலில் சேர்ந்துகொள்ளச் சொன்னேன். சேரும்போதே வேலை பார்த்ததற்கு எழுத்தில் சான்று தருவார்களா, மே மாதச் சம்பளம் உண்டா என்று கேட்கச் சொன்னேன். இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ப்ளஸ் டூ தனித்தேர்வுக்கு விண்ணப்பம் வரும்போது பணம் நான் கட்டுகிறேன்.