சவுண்டு போன லினக்ஸ் டெஸ்க்டாப்: போர்டைச் சரிசெய்வதா, யூஎஸ்பி கார்டா, புதுக் கார்டா?

தஞ்சாவூரோ திருவாரூரோ, லினக்ஸ் போட்ட கணினியில் சத்தம் வரவில்லை என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "போர்டுல ஆடியோ போயிடுச்சு சார், ஒரு யூஎஸ்பி சவுண்டு கார்டு மாட்டிக்குங்க." சில நூறு ரூபாயில் வேலை முடிவதால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. பல நேரம் போர்டு (மதர்போர்டு) நன்றாகத்தான் இருக்கும். உறுமலுக்காக யூஎஸ்பி கார்டு வாங்கியவர்களுக்கோ உறுமல் அப்படியே தொடரும். கோளாறு எந்த இடத்தில் என்று தெரியாமல் எந்த வழி மலிவு என்று கேட்பதில் பொருளில்லை.

போர்டு உண்மையிலேயே போய்விட்டதா?

டெர்மினலில் "ஏபிளே -எல்" கொடுங்கள் (எல் சிறிய எழுத்து). இன்டெல் போர்டில் 'எச்டிஏ இன்டெல் பிசிஎச்', ஏஎம்டி போர்டில் 'எச்டி-ஆடியோ ஜெனரிக்' என்று வந்து, அந்த வரியிலேயே ஏஎல்சி887, ஏஎல்சி897 மாதிரி ஒரு ரியல்டெக் எண்ணும் 'அனலாக்' என்ற சொல்லும் இருந்தால் போர்டு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. கோளாறு செட்டிங்கிலோ வயரிலோ.

'எல்எஸ்பிசிஐ' பட்டியலில் ஆடியோ டிவைஸ் தெரிகிறதே என்று பலர் நிம்மதியாகிவிடுவார்கள். அதை நம்பக்கூடாது. அது காட்டுவது சிப்செட்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலரை. டிஜிட்டல் சத்தத்தை அனலாக்காக மாற்றித் தரும் கோடெக் தனிச் சிப். பின்பக்க ஜாக்குகளுக்கு அருகே சின்னச் சதுரமாக உட்கார்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில், கணினி, ஆம்ப்ளிஃபயர், கேபிள் பெட்டி மூன்றையும் ஒன்றாகக் கட்டிவைத்த வீடுகளில் அடிபடக்கூடியது இந்தச் சிப். கன்ட்ரோலருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பட்டியலிலும் தெரியும், சத்தம் மட்டும் வராது. அப்போது 'டிமெஸ்ஜி' (லினக்ஸ் கர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) வெளியீட்டில் 'நோ கோடெக்ஸ்' என்று ஒரு வரி கிடைக்கும்.

அந்த வரியைப் பார்த்ததும் போர்டுக்குக் கருமாதி வைத்துவிட வேண்டாம். பயாஸில் எச்டி ஆடியோ 'டிசேபிள்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போட்ட கணினி என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். அது கோடெக்கை அரைத்தூக்கத்தில் விட்டுவிட்டுப் போவதுண்டு. பிறகு பவர் கார்டையே உருவி, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். வெறும் ரீஸ்டார்ட் இதற்குப் போதாது, ஸ்டாண்ட்பை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்குப் பிறகும் அதே வரி வந்தால் கடைக்காரர் சொன்னது சரி.

சத்தம் செட்டிங்கில் 'டம்மி அவுட்புட்' மட்டும் தெரிவது வேறு கதை. புதிய இன்டெல் லேப்டாப்புகளிலும் சில ஆல்-இன்-ஒன்களிலும் சவுண்டு ஓப்பன் ஃபர்ம்வேர் பேக்கேஜ் இல்லாததே காரணமாக இருக்கும். டெபியனில் அதன் பெயர் 'ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு'. அதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும்.

செலவில்லாத வழி: இருப்பதைச் சரிசெய்வது

கார்டு பட்டியலில் இருந்தும் சத்தம் இல்லையென்றால் 'ஆல்சாமிக்சர்' திறங்கள். திறந்ததும் தெரிவது பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோவின் (செயலிகளின் சத்தத்தைக் கார்டுக்கு அனுப்பும் சவுண்டு சர்வர் மென்பொருள்கள்) ஒற்றைப் பட்டைதான். எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுத்தால்தான் மாஸ்டர், ஹெட்ஃபோன், ஃப்ரண்ட் என்று வரிசையாக விரியும். பட்டையின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் மியூட். எம் விசையைத் தட்டினால் 'ஓஓ' ஆகும். மாஸ்டரை மட்டும் திறந்துவிட்டு ஃப்ரண்டைக் கவனிக்காமல் விடுவதுதான் வழக்கமான தவறு.

வலது அம்புக்குறியில் கடைசிவரை போனால் 'ஆட்டோ-மியூட் மோட்' இருக்கும். ஹெட்ஃபோன் செருகினால் பின்பக்க ஸ்பீக்கரை நிறுத்துவது அதன் வேலை. இதோடு கேபினட்டின் முன்பக்க வயரும் சேர்ந்தால் குழப்பம் ஆரம்பம். பழைய கேபினட்டுகளில் முன்பக்க ஆடியோ வயரின் முனையில் இரண்டு கனெக்டர் தொங்கும்: ஒன்றில் 'ஏசி97', இன்னொன்றில் 'எச்டி ஆடியோ' என்று அச்சிட்டிருக்கும். அசெம்பிள் செய்தவர் ஏசி97-ஐச் செருகியிருந்தால் ஜாக் செருகியிருக்கிறதா இல்லையா என்பதை போர்டு சரியாக உணராது. ஹெட்ஃபோன் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு பின்பக்கத்தை ஊமையாக்கிவிடும். ஆட்டோ-மியூட்டை 'டிசேபிள்' ஆக்கினால் உடனே சத்தம் வரும். கனெக்டரை மாற்றிச் செருகுவது நிரந்தரத் தீர்வு.

மாற்றியதும் 'சூடோ ஆல்சாசிடிஎல் ஸ்டோர்' கொடுத்துச் சேமியுங்கள். ஒழுங்காக ஷட்டவுன் செய்தால் லினக்ஸ் தானே சேமித்துக்கொள்ளும். ஆனால் யூபிஎஸ் இல்லாமல் கரண்ட் போகிற ஊரில், வேலைக்கு நடுவே அணைந்துவிட்டால் புதிய செட்டிங் பதிவாகாமல் பழைய மியூட்டே திரும்பிவரும். 'நேற்று வந்தது, இன்று வரவில்லை' என்ற புகாரில் இதுவும் ஒரு காரணம்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்றில் ஜாக்கின் உள்தகடு பச்சை பிடித்து, பிளக்கை அசைத்தால் ஒரு பக்கம் வரும், விட்டால் போகும். இதற்கு மென்பொருள் வைத்தியம் கிடையாது. கணினியை அணைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிளக்கைப் பத்து முறை செருகி எடுத்து, உலர்ந்ததும் போட்டுப் பாருங்கள்.

யூஎஸ்பி கார்டு எதற்கு உதவும், எதற்கு உதவாது

கோடெக் செத்துவிட்டால், அல்லது ஜாக் உடைந்துவிட்டால், யூஎஸ்பி கார்டை அடிக்க ஆளில்லை. சி-மீடியா சிப் போட்ட சாதாரணக் கார்டுக்கு டிரைவர் எதுவும் வேண்டாம், கர்னலிலேயே இருக்கிறது. செருகியதும் 'ஏபிளே' பட்டியலில் புதிதாக ஒரு கார்டு வரும். பாட்டு கேட்க, ஆன்லைன் வகுப்புக்கு, இ-சேவை மைய மேசைக்கு இதற்குமேல் தேவையில்லை.

இதன் பெரிய பயன் சோதனைக்கு என்பது எங்கள் கருத்து. யூஎஸ்பி கார்டில் சத்தம் வந்து போர்டில் வரவில்லை என்றால் கோளாறு போர்டு பக்கம். ஸ்பீக்கர் நன்றாக இருந்தும் இரண்டிலும் வரவில்லை என்றால் சவுண்டு சர்வரில். அப்போது இன்னும் பத்துக் கார்டு வாங்கினாலும் வராது. லைவ் பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டைத் துவக்கிப் பார்ப்பதும் இதே விடையைத் தரும், செலவும் இல்லை. ஆனால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். கணினியை நிறுத்தமுடியாத இடத்தில் யூஎஸ்பி கார்டுதான் வசதி.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இளஞ்சிவப்பு ஜாக் மோனோ மைக்குக்கு மட்டும். அதில் மிக்சரின் லைன்-அவுட்டைச் செருகினால் ஒரே சானலாக, சிதைந்து பதிவாகும். கேபினட்டின் முன்பக்க யூஎஸ்பியில் செருகினால் தடுக்கிவிட்டு உடைவதும் இந்தக் கார்டுதான், பின்பக்கம் செருகுங்கள். ரீஸ்டார்ட் செய்யும்போது கார்டு எண் மாறலாம் என்பதால், ஆல்சா கன்ஃபிக் கோப்பில் எழுதுபவர்கள் 'கார்டு 1' என்று எழுதாமல் பெயரைக் கொண்டு எழுத வேண்டும்.

உறுமலுக்கு எந்தக் கார்டும் மருந்தல்ல

டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் பின்னுக்குப் பின்னால் வயர் இருக்காது. கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளைப் பெட்டி) ஃபேஸுக்கும் கேபினட்டுக்கும், நியூட்ரலுக்கும் கேபினட்டுக்கும் இடையே சின்ன ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லையென்றால் இவை இரண்டும் மின்னழுத்தத்தைப் பாதியாகப் பங்கிட்டு, கேபினட் உடம்பில் சுமார் 115 வோல்ட்டை நிறுத்திவைக்கும். வெறுங்காலோடு கேபினட்டைத் தொட்டால் விறுவிறு என்று இழுப்பது அதுதான். மின்னோட்டம் மிகச் சிறிது, ஆனால் ஆடியோ கேபிளின் வெளிச்சுற்று வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் போய் 50 ஹெர்ட்ஸ் உறுமலாக வெளிவரும். யூஎஸ்பி கார்டும், போர்டின் துளையில் மாட்டும் பிசிஐஇ கார்டும் அதே கேபினட் கிரவுண்டைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் கார்டை மாற்றினாலும் உறுமல் மாறாது.

இனம் பிரிப்பது எளிது. அதே ஜாக்கில் ஹெட்ஃபோனைச் செருகுங்கள். ஹெட்ஃபோனில் சுத்தமாக இருந்து ஆம்ப்ளிஃபயரில் மட்டும் உறுமினால் கிரவுண்டு கோளாறு. ஹெட்ஃபோனிலும் கேட்டு, மவுசை நகர்த்தும்போது கீச்சொலி மாறினால் அது போர்டின் உள்ளிரைச்சல். அதற்கு யூஎஸ்பி கார்டு உதவும். ஒன்றும் ஓடாதபோது மட்டும் 'டப்' என்று வெடிப்பது மூன்றாவது வகை: கோடெக் பவர் சேமிப்புக்குப் போய்வருகிறது. 'மோட்புரோப்.டி' கோப்புறையில் 'எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல்' மாட்யூலுக்கு 'பவர்_சேவ்=0' என்று ஒரு வரி எழுதினால் நின்றுவிடும்.

கிரவுண்டு கோளாறுக்கு முதல் மருந்து எலக்ட்ரீஷியன். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இருக்கும் அளவே ஏறக்குறைய வர வேண்டும். வாடகை வீடு, எர்த் போட முடியாது என்றால் மூன்று மாற்று. 3.5 மி.மீ. கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் மலிவு. உள்ளே இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரால் அடிக்கட்டைச் சத்தம் கொஞ்சம் மெலியும், தவில் பதிவைக் கேட்டால் தெரியும். போர்டிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் துளை இருந்தால் அதுவே சிறந்தது, ஒளியில் கிரவுண்டு போகாது. புளூடூத்தும் உறுமலைத் தீர்க்கும், ஆனால் சத்தம் தாமதமாக வருவதால் கீபோர்டு வாசிப்பவர்களுக்கு ஆகாது. எர்த் பின்னை உடைத்துவிட்டு உறுமல் நின்றதென்று மகிழ்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள்.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் 'கிர்' என்றால் கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறினால் அடங்கும்.

எச்டிஎம்ஐ, பிசிஐஇ

மானிட்டரில் ஸ்பீக்கரோ ஹெட்ஃபோன் ஜாக்கோ இருந்தால் எச்டிஎம்ஐ வழியே இலவசமாகச் சத்தம் கிடைக்கும். 'பாவுகன்ட்ரோல்' கருவியின் கன்ஃபிகரேஷன் பக்கத்தில் புரொஃபைலை மாற்றினால் போதும். இதன் மறுபக்கம்: அப்டேட்டுக்குப் பிறகு அனலாக் ஊமையானால், சத்தம் ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். மானிட்டர் தூங்கினால் சத்தமும் போகும். மைக் கிடையாது.

பிசிஐஇ கார்டுக்கு இன்று பெரிதாகத் தேவை இல்லை. ஏசஸ் சோனார் வகைகளுக்குக் கர்னலில் நல்ல டிரைவர் உண்டு, ஆனால் சோனார் டிஎக்ஸ் மாதிரிக் கார்டுக்குப் பழைய ஃபிளாப்பி பவர் கனெக்டர் தனியாக வேண்டும். இன்றைய பல எஸ்எம்பிஎஸ்களில் அது இருக்காது. செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய பிசிஐ கார்டு பிசிஐஇ துளையில் இறங்காது. அந்தப் பணத்தை யூஎஸ்பி இன்டர்ஃபேசில் போடலாம்.

பல்ஸ்ஆடியோவா, பைப்வயரா?

உபுண்டு 22.04, மின்ட் 21 வரை பல்ஸ்ஆடியோ, உபுண்டு 22.10, மின்ட் 22 முதல் பைப்வயர். ஃபெடோரா 2021-லேயே மாறிவிட்டது. 'பிஏசிடிஎல் இன்ஃபோ' கொடுத்தால் சர்வர் பெயரில் எது ஓடுகிறது என்று தெரியும். பழைய கட்டுரையைப் பார்த்து பைப்வயர் கணினியில் பல்ஸ்ஆடியோவை நீக்கி மறுபடி நிறுவுவதுதான் பெரிய விபத்து; ஏபிடி (உபுண்டு, மின்ட்டின் பேக்கேஜ் நிறுவும் கருவி) காட்டும் நீக்கல் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டினால் டெஸ்க்டாப் பேக்கேஜும் சேர்ந்து போகலாம். சர்வரை மறுதுவக்க, பைப்வயரில் 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் வயர்பிளம்பர் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ்', பல்ஸில் 'பல்ஸ்ஆடியோ -கே'. இந்த மறுதுவக்கமே பாதிக் கோளாறைத் தீர்க்கும். இதில் சூடோ சேர்க்கக்கூடாது, உங்கள் கணக்கில் ஓடும் சர்வீஸ் அது.

பழைய டூயல் கோர் கணினியில் பைப்வயரில் சத்தம் விட்டுவிட்டு வந்தால் 'பிடபிள்யூ-டாப்' திறந்து 'ஈஆர்ஆர்' நிரலைப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் குவாண்டத்தை (ஒரு தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 1024-லிருந்து 2048 ஆக்குங்கள். 48,000 ஹெர்ட்ஸில் இது சுமார் 21 மில்லிவிநாடித் தாமதத்தை 43 ஆக்கும். பாட்டு கேட்பவருக்குத் தெரியாது, வாசித்துப் பதிவு செய்பவருக்குத் தெரியும். கேட்பதற்கு மட்டும் என்றால் ஓடுகிற பல்ஸ்ஆடியோவைத் தொட வேண்டாம். பதிவுக்கு என்றால் பைப்வயர், சந்தேகமே இல்லை.

நாதஸ்வரம் பதிவு செய்பவர்களுக்கு

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தை அடைத்த அறையில் வாசித்தால் சாதாரணக் காலர் மைக் திணறிவிடும். போர்டு ஜாக்கோ யூஎஸ்பி கார்டோ, இரண்டிலும் 'மைக் பூஸ்ட்' பூஜ்யத்தில் இருந்தாலும் அலைவடிவத்தின் தலை வெட்டுப்பட்டே பதிவாகும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை ஒட்டவைக்க முடியாது. இங்கே ஒப்பிட எதுவும் இல்லை. எக்ஸ்எல்ஆர் துளையும் கெயின் திருகியும் உள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேசும் ஒரு டைனமிக் மைக்கும் வேண்டும். வாங்கும் முன் 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் லினக்ஸில் டிரைவர் தேடும் வேலை இல்லை. டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் பட்டன் அணைந்தே இருக்கட்டும். அணைசு (நாதஸ்வரத்தின் விரிந்த அடிப்பகுதி) வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு மீட்டர் தள்ளி மைக்கை நிறுத்துங்கள். மேல் ஸ்தாயியில் உச்சமாக ஊதச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினைக் குறைத்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். தவில் சேர்ந்தால் அதற்குத் தனி மைக், தனி சானல்.