கிளிசரால் குறைக்கும் ஈஸ்ட்: ஜூலையில் மட்டும் வேண்டாம்

அயோவாவில் ஒரு மக்காச்சோள எத்தனால் ஆலையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். நொதிகலன்களிலிருந்து மாதிரி எடுத்து, வடிகட்டி, அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டி எண்களைக் குறிப்பதே என் பிழைப்பு. ஈஸ்ட் விற்க வருகிறவர் திரையில் காட்டும் படங்கள் என்னிடம் செல்லுபடியாகாது. நாங்கள் வாங்கும் மரபணு மாற்றிய ஈஸ்ட் எந்த நிறுவனத்துடையது என்பதைச் சொல்லப்போவதில்லை, ஒப்பந்தம் அப்படி.

மஸ்கோமா, லாலமண்ட் நிறுவனங்கள் 2012இல் டிரான்ஸ்ஃபெர்ம் என்ற மரபணு மாற்றிய ஈஸ்டைக் கொண்டுவந்த பிறகு இவ்வகை ஈஸ்ட் அமெரிக்க ஆலைகளில் பரவியது. மாவுச்சத்தை ஆல்ஃபா அமிலேஸ் என்ற என்சைம் துண்டாடிய பிறகு, அத்துண்டுகளைக் குளுக்கோஸாக்க குளூக்கோஅமிலேஸ் என்ற இன்னொரு என்சைம் தேவை. முன்பு அதை முழுக்க விலைகொடுத்து வாங்கி ஊற்றினோம். இந்த ஈஸ்ட் அதைத் தானே சுரக்கிறது. விற்பனையாளர் பேச்சைக் கேட்டால் இனி என்சைம் செலவே இல்லை என்று தோன்றும். அளவைக் குறைத்தோம், உண்மைதான். அடியோடு நிறுத்த முடியவில்லை.

எனக்குப் பிடித்தது இன்னொரு மாற்றம். காற்றில்லாத கலனில் ஈஸ்ட் பெருகும்போது எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்.ஏ.டி.எச். என்ற மூலக்கூறு மிஞ்சுகிறது. அதைத் தீர்க்க ஈஸ்ட் கிளிசராலைச் செய்து தள்ளும். அத்தனையும் எத்தனாலாகியிருக்க வேண்டிய சர்க்கரை! இந்த ஈஸ்டில் அந்த வழியை ஒடுக்கி, பிஃபிடோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் மரபணுக்களைச் சேர்த்து, மிஞ்சும் எலக்ட்ரான்களை எத்தனால் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். பழைய ஈஸ்டில் ஒரு சதவீதத்துக்கு மேலேயே நின்ற கிளிசரால், இதில் அதற்கு வெகுவாகக் கீழே இறங்கிவிட்டது. ஒரு புஷெல், அதாவது 25.4 கிலோ மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 11 லிட்டர் எத்தனால் எடுக்கும் தொழில் இது. அதில் ஒரு சதவீதம் கூடினாலே மேலாளர் எல்லோருக்கும் டோனட் வாங்கி வருவார்.

குறை கோடையில் தெரியும். கிளிசரால் வெறும் வீண்செலவு அன்று. கெட்டியான மாஷில், அதாவது மக்காச்சோள மாவும் தண்ணீரும் கலந்த கூழில், சர்க்கரையின் அழுத்தத்தைத் தாங்க ஈஸ்டுக்கு அதுதான் கவசம். கவசத்தை மெலிதாக்கிவிட்டு அதே முரட்டுத்தனத்தை எதிர்பார்க்க முடியுமா? ஜூலையில் குளிர்விக்கும் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும். 32 டிகிரியில் இருக்க வேண்டிய கலன் 35ஐத் தாண்டும். அப்போது ஆல்கஹாலும் 12 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால், மீதமுள்ள குளுக்கோஸை அப்படியே விட்டுவிட்டு ஈஸ்ட் படுத்துவிடுகிறது. எஞ்சிய சர்க்கரை உலர்த்தியில் கருகி, மாட்டுத் தீவனமாகப் போகும் சக்கை காப்பிப்பொடி நிறத்தில் வரும். தீவனம் வாங்குகிறவர் உடனே போன் செய்வார். பழைய ஈஸ்ட் முனகிக்கொண்டேயாவது வேலையை முடித்துக் கொடுக்கும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் அதற்கே திரும்பிவிடுகிறோம்.

லாக்டிக் அமிலக் கிருமிகள் புகுந்தால் இந்த ஈஸ்டும் அவதிப்படும். குழாய்களைக் கழுவுவதில் சலுகை கிடையாது. மரபணு மாற்றிய உயிர் எரிபொருளில் வந்துவிடுமோ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். காய்ச்சி வடிக்கும் சூட்டில் அது பிழைப்பதில்லை.

விலை சாதாரண ஈஸ்டைவிடக் கூடுதல். மிச்சமாகும் என்சைமையும் கூடுதல் எத்தனாலையும் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்குக் கட்டுபடியாகிறது. வாங்க நினைக்கும் ஆலைக்காரர்கள், ஒரே மாஷை இரண்டு கலன்களில் நிரப்பி, பழையதையும் புதியதையும் ஒரே வாரத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். அந்தச் சோதனையை ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொல்வார். ஜூலையில் வைக்கச் சொல்லுங்கள்.